டோக்கன் தொடாத லைன்

எங்கள் லைனில் டோக்கன் ஆணியிலேயே தொங்கும். அதுதான் என் பெருமை.

சேதராப்பட்டில் சோப்பு பேக் செய்கிற ஒரு கம்பெனி. நான்காவது லைனுக்கு நான் லீடர், எனக்குக் கீழே பதினொரு பெண்கள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் என் மேசைக்குப் பக்கத்தில் தொங்கும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதுதான் டோக்கன், லைனுக்கு ஒன்றே ஒன்று. ஒருத்தி திரும்பி வந்தால்தான் இன்னொருத்தி கிளம்பலாம். மற்ற லைன்களில் அந்த அட்டை கை மாறிக்கொண்டே இருக்கும். எங்களுடையதில் தூசி படிந்திருக்கும். மீட்டிங்கில் மேனேஜர், "நாலாவது லைனப் பாத்துக் கத்துக்கங்க" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது.

ரகசியம் ஒன்றுமில்லை. நாங்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம், அவ்வளவுதான். காலையில் அரை டம்ளர் டீ. மதியத்துக்கு எலுமிச்சை சாதமோ கெட்டித் தயிர் சாதமோ. ரசம், மோர் எதுவும் டப்பாவில் வரக் கூடாது. சாப்பிட்டு வாய் கொப்பளித்த பிறகு ஒரே ஒரு மடக்கு. நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள்வோம். சோப்புக் கட்டின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடேற்றி ஒட்டுகிற மெஷின் முதுகுக்குப் பின்னால் அனலை ஊதும். பதினோரு மணிவரை ஜாக்கெட் நனைந்து வழியும். அப்புறம் வேர்வை நின்றுவிடும். உடம்பு பழகிவிட்டது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் அத்தனை பேரும் பாட்டிலைத் தூக்குவோம். "சாராயக் கடை தோத்துது போ" என்பார் டிரைவர். முத்தியால்பேட்டை மணிக்கூண்டில் இறங்கி வீட்டுக்கு நான் நடந்ததே இல்லை, ஓட்டம்தான்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதையெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன், ஏதோ பெரிய வித்தை மாதிரி.

போன வருடம் வீராம்பட்டினத்திலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது, பொறுமையான பெண், கை வேகம். மூன்றாவது நாளே டோக்கனை எடுத்துக்கொண்டு போனாள். ஐந்து நிமிடம் ஆயிற்று, ஆளைக் காணோம். பத்து நிமிடம். அவள் இடத்தில் சோப்புக் கட்டுகள் மலையாகக் குவிந்துவிட்டன. வந்தவளை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டேன்.

"பத்து நிமிஷம் அங்க என்னடி பண்ண? குடித்தனம் வெச்சிட்டு வந்தியா? வீட்டுலயே முடிச்சிட்டு வரத் தெரியாது?"

லைன் முழுக்கச் சிரித்தது. அவள் அட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் டோக்கனைத் தொடவே இல்லை. வழிக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு ஏகப்பட்ட திருப்தி.

இந்த மே மாதம் எனக்கு இடுப்புக்கு மேலே பின்பக்கம் வலி ஆரம்பித்தது. வாயு என்று நினைத்து இஞ்சியைத் தட்டிக் குடித்தேன். மூன்றாம் நாள் குளிர் ஜுரம் தூக்கிப்போட, மெஷினுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா சின்னப் பெண். என்னிடம் முதலில் கேட்டது இதுதான்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போறீங்க?"

"காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு."

"நடுவுல?"

"நடுவுல டூட்டில இருப்பேன்மா."

பெருமையாகத்தான் சொன்னேன், வெட்கக்கேடு. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"வேர்வை எதுக்கு வருது? உடம்புச் சூட்ட எறக்கறதுக்கு. அந்தத் தண்ணி ரத்தத்துலேர்ந்துதான் போவுது. நீங்க திருப்பி ஊத்தவே இல்ல. வேர்வை நின்னு போச்சுன்னா பழகிட்டதா அர்த்தமில்ல, உள்ள தண்ணி இல்லன்னு அர்த்தம். ரத்தத்துல சேர்ற கழிவ கழுவி வெளிய தள்றது கிட்னி. தண்ணியே இல்லாம அது எத வெச்சுக் கழுவும்? போதாததுக்கு அடக்கி வெச்சிருக்கீங்க. கிருமி மேல ஏறிடுச்சு. ஒரு தடவ இல்ல, பல தடவ வந்து போயிருக்கு."

வலது சிறுநீரகம் தழும்பேறிச் சுருங்கிவிட்டதாம். இனி அதை நம்ப முடியாது. இடது நன்றாக இருக்கிறது. "அதையும் விட்டீங்கன்னா டயாலிசிஸ்தான்" என்றாள்.

மாதாவே! நாற்பத்தி மூன்று வயதில் எனக்கு ஒன்றுதான் மிச்சம். கட்டிலில் படுத்து ஒரு நாள் முழுக்க அழுதேன். மறுநாள் அழுகை போய்க் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வீட்டுக்காரரைத் திட்டினேன். அவர் ஒரு லிட்டர் பாட்டில் மூன்றை வாங்கி வந்து வரிசையாக வைத்தார். மிச்சமிருக்கிற ஒன்றைக் காப்பாற்றியே தீருவேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். ஒன்பதரை மணிக்குள் ஒரு பாட்டில் காலி. லீடர் என்பதால், அடக்கவே முடியாத நாட்களில் ஆபீஸ் பாத்ரூமில் கெஞ்சி நுழைந்துகொள்வது என் வழக்கம். ஒரு நாளைக்கு நாலு தடவை அங்கே போய் நிற்க முடியுமா? ஆணியிலிருந்து டோக்கனை எடுத்தேன். பதினொரு பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

பாத்ரூம் குடோனைத் தாண்டி மதில் ஓரத்தில் இருக்கிறது. குழாயைத் திறந்தேன், புஸ்ஸென்று காற்று வந்தது. வாளி காய்ந்து கிடந்தது. தண்ணீருக்குக் குடோன் வாசல் குழாய்க்குத் திரும்ப வர வேண்டும். அது நூல் மாதிரி ஒழுகியது. வெயிலில் நின்று நிரப்பி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தூக்கிப்போனேன். கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை, ஒரு காலால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. லைனுக்குத் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோது பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

நேராக வீராம்பட்டினத்துப் பெண்ணிடம் போனேன்.

"அங்க எத்தினி நாளா தண்ணி வரல?"

"நான் சேந்ததுலேர்ந்தே வரலக்கா."

"ஏன்டி, அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க எங்கக்கா கேட்டீங்க? எவ்ளோ நேரம்னுதான கேட்டீங்க."

அவள் எதிர்த்துப் பேசவில்லை, நடந்ததைச் சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தினமும் நான் எழுதிக் கொடுக்கிற தாளில் 'லைன் நின்ற காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. மெஷின் சூடானது, கரண்ட் போனது, பிளாஸ்டிக் தாள் தீர்ந்தது, இதெல்லாம் எழுதுகிற இடம். அன்றைக்கு அதில், 'பாத்ரூமில் தண்ணீர் இல்லை, பதின்மூன்று நிமிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலமே மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? இத நான் மேல அனுப்ப முடியுமா?"

"மெஷின் ரிப்பேர்னா எழுதறோம் இல்ல சார். இது எங்க ரிப்பேர்."

"லீடரா இருக்க இஷ்டமில்லியா?"

"இஷ்டம்தான் சார். உசுரோட இருக்கவும் இஷ்டம்."

வேறு தாளில் மாற்றி எழுதச் சொன்னார். மாற்றி எழுதினேன், அதையே இன்னும் கொட்டை எழுத்தில். மறுநாளும் எழுதினேன். அதற்கு மறுநாள் நான் போன மூன்று தடவைக்கும் மூன்று வரி. டார்கெட் விழுந்தது. மீட்டிங்கில் எங்கள் லைன் பெயரைச் சொல்லித் திட்டினார். திட்டட்டும் என்று பாட்டிலைத் திறந்து அங்கேயே குடித்தேன். ஒன்பது நாள் எழுதினேன். பத்தாம் நாள் பிளம்பர் வந்தார். குழாயில் தண்ணீர் வந்தது, கதவுக்குத் தாழ்ப்பாளும் வந்தது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன், எங்கே! ஒருத்தியும் குடிக்கவில்லை. "குடிங்கடி" என்று கத்தினால் உதட்டை நனைத்துவிட்டு மூடிவைத்தார்கள்.

"குடிக்காதன்னு சொன்னதும் நீங்கதான், குடின்னு சொல்றதும் நீங்கதான். எந்த வாய நம்பறது?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீராம்பட்டினத்துப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மத்தியானம் மெஷின் ஓரமாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்களுக்கு மொதல்ல எப்டி இருந்துச்சு?"

"ஏன் கேக்கற?"

"எனக்கும் எரியுதுக்கா. ஆறு மாசமா. ஜுரமும் வந்து வந்து போவுது."

என் உடம்பை நான் கெடுத்துக்கொண்டது என்னோடு போகட்டும். இவள் என்ன பாவம் செய்தாள்? வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினாள். "நாளைக்கு லீவு போடு. நானும் போடறேன். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். இரண்டு பேர் ஒரே நாளில் லீவா என்று மேனேஜர் குதித்தார். ஆமாம் சார், இரண்டு பேர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் அதே டாக்டரம்மாவின் எதிரில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினாள்.

"வேலைக்குப் போற நாள்ல எத்தன தடவ போவம்மா?"

அவள் மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை.

"என்னப் பாக்காதடி" என்றேன். "உன் உடம்பு. நீ சொல்லு."