குழாய் வெடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்

மார்கழி பிறந்துவிட்டால் பெங்களூரில் தேங்காயெண்ணெய் கட்டிப்போகும். ராணிப்பேட்டை, ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து இங்கே வாழ வந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊரில் இருப்பவர்கள்தான் நம்பமாட்டீர்கள். நான் கல்யாணமாகி ஆஸ்டின் டவுனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், காலையில் தலைவார உட்கார்ந்து பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. உள்ளே வெள்ளையாக மெழுகுபோல உறைந்து, நடுவில் குழி விழுந்து கிடந்தது. கெட்டுப்போன எண்ணெயை என் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே பாட்டிலைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் வைத்தேன். அடுத்த வீட்டுக் கௌரம்மா அதைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் படபடவென்று ஏதோ சொன்னாள். பாட்டிலைக் கேட்கிறாள்போல் இருக்கிறது என்று, எடுத்துக்கொள்ளும்படி கையைக் காட்டினேன். மறுநாள் அவள் ஒரு படி ராகி மாவோடு வந்து நின்றாள். வெயிலில் வைத்தால் இளகிவிடும் என்று அவள் சொன்னதும், நான் மனம் உவந்து எண்ணெயைப் பரிசளித்ததாக அவள் நினைத்ததும் என் வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊரில் மாசியிலேயே பாலாற்று மணல் காலைச் சுடும். அங்கே எண்ணெய் உறைந்து நான் கண்டதில்லை, தண்ணீர் உறைந்து கேட்டதுகூட இல்லை. பெங்களூர் குளுகுளு ஊர், கொடுத்துவைத்தவள் என்று என்னை எல்லோரும் அனுப்பிவைத்தார்கள். எனக்கு இந்தக் குளிர் வந்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. பல் தேய்க்கும்போதே அழுகை வரும். இந்த ஊரில் எனக்குப் பிடித்தது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவருக்காகத்தான் கன்னடம் கற்றேன், ராகிக்களி கிண்டக் கற்றேன், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லவும் போனேன்.

அவர் இதே பெங்களூரில், அடுகோடியில் பிறந்தவர். மோட்டார் வண்டிகளுக்கு மரக்கூடு கட்டுவதும் தகரம் அடிப்பதும் அவர் தொழில். பட்டறை முதலாளி இறந்ததும் பிள்ளைகள் பட்டறையை இழுத்து மூடிவிட்டார்கள். கை சும்மா இருந்தால் மனிதர் பாதியாகிவிடுவார் என்பதை அப்போதுதான் பார்த்தேன். கதவுக் கீலைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடியும் கழற்றுவார். அந்தச் சமயத்தில்தான் பறவைகளைப் படம் வரைகிற ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து சேர்ந்தார். ஒரு பழைய லாரியை வீடாக மாற்ற வேண்டும். படுக்கை, அடுப்பு, முகம் கழுவத் தொட்டி, குழாயில் தண்ணீர் எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். காஷ்மீருக்குப் போய் ஸ்ரீநகரையும் தாண்டி ஒரு பள்ளத்தாக்கில் குளிர்காலம் முழுக்கத் தங்கி, பனியில் வாழும் பறவைகளை வரைய வேண்டும் என்றார். மூடிய பட்டறையைத் துரையே வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். மூன்று மாதம் என் வீட்டுக்காரர் பசி தூக்கம் பார்க்கவில்லை. வண்டி முடிகிற நேரத்தில், அதை ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் அவரே கூட வர வேண்டும் என்று துரை கேட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவர் சரி என்றுவிட்டார்.

துரை தண்ணீர்க் குழாய்களைச் சுட்டிக்காட்டி, அங்கே எல்லாம் உறைந்துவிடும், அதற்குத் தக்கபடி செய் என்று மட்டும் சொல்லிவிட்டு ஊட்டிக்குப் போய்விட்டார். உறைவது என்றால் என்னவென்று இவருக்கு நன்றாகத் தெரியும் என்று துரையின் எண்ணம். இவருக்கும் தெரியத்தான் தெரியும், தேங்காயெண்ணெய் உறைவது. உறைந்த எண்ணெய் சுருங்கும், நடுவில் குழி விழும். நெய்யும் அப்படித்தான், மெழுகும் அப்படித்தான். ஆகவே தண்ணீரும் சுருங்கும், சுருங்கினால் குழாயில் இடைவெளி விழும், அதில் காற்று புகுந்தால் தொட்டித் தண்ணீரைக் கைப்பம்பு இழுக்காது என்று கணக்குப் போட்டார். தொட்டியை விளிம்புவரை நிரப்பி, குழாய்களில் எள்ளளவும் காற்று இல்லாதபடி தண்ணீரை ஏற்றி, மூடிகளை எல்லாம் இறுக்கி முறுக்கிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டினார்.

தண்ணீர் உறையும்போது விரியும் என்பதை நான் வருஷம் தவறாமல் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் ராகம் போட்டுச் சொல்லும். அது எங்கேயோ உண்மையில் நடக்கிற காரியம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தக் குழாய்களுக்கு முன்னால் நின்றபோது அந்த ராகம் காதில் கேட்டது. சொன்னேன். அவர் சிரித்தார். எண்ணெய்க்கும் நெய்க்கும் ஒரு நியாயம், தண்ணீருக்கு மட்டும் வேறு நியாயமா, புத்தகம் எழுதினவன் தப்பாக எழுதியிருப்பான் என்றார். அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். கிறிஸ்துமஸுக்கு ஐஸ்கிரீம் செய்கிற வீடுகளில் ஐஸ் கட்டியை உடைத்துக் கல்லுப்பைக் கலந்து வைப்பார்கள், அதற்குள் இறக்கின பால் கல்லாக இறுகிவிடும். பால் இறுகினால் தண்ணீரும் இறுகும் அல்லவா?

என் மனத்தில் இருந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குழாய் வெடித்தால் இவர் பயந்துவிடுவார், பயந்தால் போகமாட்டார். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வற்புறுத்தினேன்.

ஐஸ் வாங்க நானே போனேன். ஐஸ் டிப்போவில் இருந்த பாய் வயதானவர், நம் வேலூர்ப் பக்கத்துத் தமிழும் உருதுவும் கலந்து பேசுவார். பெரிய கட்டியாகவே வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் காலையிலிருந்து அழுதிருந்தேன். "யாருக்கும்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். "எங்க வீட்டுக்காரருக்குத்தான் பாய்" என்றேன். அவர் எழுந்து தலையிலிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, வாய்க்குள் ஏதோ ஓதினார். கட்டியை மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி, தன் ஆளையே தூக்கிவரச் சொல்லிவிட்டு, "வயசு எத்தினியம்மா அவருக்கு?" என்றார். சொன்னேன். "அல்லா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நீட்டிய காசை வாங்க மறுத்துவிட்டார். பாதி வழி வந்த பிறகுதான், இந்த ஊரில் வீட்டுக்கு அவ்வளவு பெரிய கட்டியைச் சாவு விழுந்தால்தான் வாங்குவார்கள் என்பது எனக்கு உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். கால் வரவில்லை. நடுத்தெருவில் நின்று, சாக்கைத் தூக்கி வந்த ஆள் பார்க்கப் பார்க்க ஓவென்று அழுதேன். அவனும் இதெல்லாம் வழக்கம்தானே என்பதுபோலப் பொறுமையாக நின்றான்.

பட்டறையில் மிச்சமிருந்த ஈயக் குழாயில் ஒரு முழம் வெட்டி, தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையிலும் பித்தளை மூடியைப் போட்டு முறுக்கினார். ஒரு தகர வாளியில் ஐஸையும் உப்பையும் கொட்டி அதற்குள் புதைத்தார். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தார். நான் வாளியின் பக்கத்திலேயே முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இது வெடிக்கட்டும், இதைமட்டும் எனக்குச் செய்யும், இனி இந்த ஊரைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். வாளியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே மந்தமாக ஒரு சத்தம் கேட்டது. அவர் கையை விட்டுக் குழாயை எடுத்தார். நீளவாக்கில் கிழிந்திருந்தது. கிழிசலில் பனிக்கட்டி உதடுபோலப் பிதுங்கி நின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு என்னைவிட அதிக சந்தோஷம். குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லவேளை சொன்னே எஸ்தர். தெரியாம அங்க போயிருந்தா தண்ணியில்லாம சாகவேண்டியதுதான். இனிமே பயமில்ல" என்றார்.

"நீங்க போகக் கூடாதுன்னுதான் இதெல்லாம் செஞ்சேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "இங்க குந்திக்கினு நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார். குழாய்களை எல்லாம் கழற்றி, ஒரே பக்கமாகச் சரியும்படி மறுபடியும் மாட்டினார். எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தில் வடிகுழாய் ஒன்று வைத்தார். தொட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கையின் கீழ் நகர்த்தி, நிரப்பினாலும் நான்கு விரல் காலியாக இருக்கும்படி கோடு கிழித்தார். சாயங்காலம் ஆனதும் எல்லாக் குழாயையும் திறந்து வடியவிட்டு, மிச்சத்தைச் சைக்கிள் பம்பால் ஊதித் தள்ள வேண்டும், குழாய்களைத் திறந்தபடியே விட்டுவிட வேண்டும் என்று முறை வகுத்துக்கொண்டார். என் சீர்க் கம்பளியைக் கேட்டார். நானே கத்தரியால் கீறிக் கொடுத்தேன், நானே குழாயில் சுற்றித் தைத்தேன். முகம் கழுவும் தொட்டிக்குக் கீழே மட்டும் குழாய் ஓர் இடத்தில் வளைந்து மேலேறும். அங்கே எவ்வளவு ஊதினாலும் ஒரு வாய்த் தண்ணீர் தங்கிவிடும். அதில் தினமும் கிளிசரின் ஊற்றிவிடுவேன், உறையாது என்றார். கிளிசரின் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அங்கே கிடைக்காமலா போகும் என்றார்.

துரை ஊட்டியிலிருந்து திரும்பியதும் இருவரும் வண்டியில் வடக்கே பல்லாரி ரோட்டில் போனார்கள். காஷ்மீர் மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற ராவல்பிண்டியிலிருந்து ஒரு கார்டு வந்தது. எல்லோரும் சுகம், இங்கே எண்ணெய் பாட்டிலை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று வேடிக்கையாக எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மலைப்பாதை பனியில் மூடிக்கிடக்கிறது என்று தபாலாபீசில் சொல்கிறார்கள். எப்போது திறக்கும் என்று கேட்டால், நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல வேறு ஆளைக் கவனிக்கிறார்கள். காலையில் நம் வீட்டுக் குழாயைத் திருகும்போதெல்லாம் அந்த ஒரு வளைவுதான் ஞாபகத்துக்கு வருகிறது. பிள்ளைகள் அந்தப் பாடத்தை ராகம் போட்டு ஒப்பிக்கும்போது நான் வகுப்பைவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். தலைமையாசிரியை அம்மாள் நல்லவர், ஒன்றும் கேட்பதில்லை. வெடிக்கட்டும் என்று நான் வேண்டியது ஆண்டவருடைய காதில் எந்தக் குழாயாக விழுந்ததோ, அது எனக்குத் தெரியவில்லை. அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் நினைத்துப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் யோசித்தாலும் வழி அடைத்துக்கொண்டு நிற்கிறது.

போன வாரம் ராணிப்பேட்டையிலிருந்து அண்ணன் வந்தார். இந்தக் குளிரில் தனியாகக் கிடந்து என்ன செய்யப்போகிறாய், ஊருக்கு வா, அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றார். புடவைகள், வேதப்புத்தகம், மிச்சமிருந்த ஒரு போர்வை எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் அடுக்கினேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் அண்ணன் பெட்டியை உள்ளே ஏற்றி இடம் பிடித்தார். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் கால்களை மடக்கி எனக்கு இடம் விட்டுவிட்டு, "சொந்த ஊருக்காம்மா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எத்தனையோ மலை தாண்டி வந்து ஆஸ்டின் டவுன் வீட்டின் முன்னால் நிற்கிறார், கதவில் பூட்டுத் தொங்குகிறது, அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார் என்பது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எழுந்து இறங்கிவிட்டேன். வண்டி நகர்ந்துவிட்டது. அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, "எஸ்தரு, பெட்டி, பெட்டி" என்று கத்திக்கொண்டே போனார்.

உடுத்தியிருந்த புடவையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தேன். வெறும் பாயில் படுத்துக்கொள்கிறேன். நேற்று வாசலில் தபால்காரன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அண்ணன் போட்ட கார்டு. பெட்டி பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தார்.