முகத்தை அழிக்கும் வேலை

எங்கள் அக்கா தஹ்ஸீனுக்கு வேலை ஸ்ரீரங்கத்தில், மூளையைப் பற்றி ஆராயும் ஒரு நிலையத்தில். பாலக்கரை வீட்டிலிருந்து கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் போவாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "முகத்தை அழிக்கிறேன்" என்பாள். சிரிக்காமல் சொல்வதால் யாரும் மேலே கேட்பதில்லை.

அது உண்மைதான். தலையை ஸ்கேன் எடுத்தால் மூளையோடு முகமும் பதிந்துவிடும். அதைக் கம்ப்யூட்டரில் திருப்பிப் பார்த்தால் மூக்கு, உதடு, மூடிய கண் எல்லாம் தெரியும். ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் வெளியூர் ஆய்வாளர்களுக்கு அனுப்பும் முன் முகத்தை வெட்டிவிட்டு, மூலப் படத்தையும் அழித்துவிட வேண்டும். முன்பு ஒவ்வொன்றாகக் கையால் வெட்டினார்கள். அக்கா ஒரு புரோகிராம் எழுதினாள். இப்போது படங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் அதுவே வெட்டிக்கொண்டு போகும். சரியாக வெட்ட முடியாததை மட்டும் ஒதுக்கித் திரையில் காட்டும்.

எங்கள் அத்தா அப்துல் சலாம் சவூதியில், தம்மாமில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். லீவில் வந்தபோது, ஆய்வுக்கு நோயில்லாத ஆட்கள் போதவில்லை என்று அக்கா அவரையும் ஸ்கேனில் படுக்க வைத்தாள். மெஷின் போடும் அத்தனை இரைச்சலிலும் அத்தா தூங்கிவிட்டார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. திரும்பிப் போனவர் அங்கேயே மௌத்தாகி, அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. கடைசியாக முகம் பார்ப்பது எங்களில் யாருக்கும் கிடைக்கவில்லை. அம்மா அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். அக்கா அழவில்லை. வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

போன மாதம் புரோகிராம் ஒரு படத்தை ஒதுக்கியது. தலை சாய்ந்திருந்ததால் வெட்டு தவறி, ஒரு காதுதான் போயிருந்தது. முகம் முழுதாக இருந்தது. படத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அக்காவுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

கூட வேலை செய்யும் பிராங்க்ளின் எட்டிப் பார்த்தாராம்.

"என்ன மேடம், உங்க புரோகிராமுக்கே தண்ணி காட்டுறாரு இவரு?"

"எங்க அத்தா."

அத்தா மௌத்தானது அவருக்குத் தெரியும். "ஒரு போட்டோ எடுத்துக்குங்க மேடம். நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

அக்கா போனை எடுத்தாள். முகம் வெளியே போகாது என்று அத்தாவிடம் அவளே சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தாள். "என் மூஞ்சிய யாரும்மா கேக்கப் போறா?" என்று அத்தா சிரித்திருந்தார். போனைக் கீழே வைத்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை கையால் கோடு போட்டு வெட்டினாள். மூலப் படத்தையும் அழித்தாள். மிச்சப் படங்களைப் புரோகிராமில் ஓடவிட்டாள்.

அன்று சாப்பிடும்போது சொன்னாள்.

"அத்தா முகத்தைப் பார்த்தேம்மா. ஆபீஸ்ல, ஸ்கேன்ல."

அம்மா கரண்டியை வைத்துவிட்டார். "எப்படி இருந்தாங்க?"

"தூங்குறாப்ல."

"தாடி?"

"முடியெல்லாம் அதுல விழாதும்மா."

"தாடி இல்லாம அவங்கள நான் பார்த்ததே இல்லையே" என்றார் அம்மா. "எனக்கு ஒரு தடவை காட்டலாம்ல?"

"அழிச்சிட்டேன்."

அம்மா கரண்டியை எடுத்து அவள் தட்டில் குழம்பு ஊற்றினார். அக்கா பிசைந்து சாப்பிட்டாள்.