முன்னுரையில் ஒரு பொய்

இருபது வருடம் கள்ளக்குறிச்சியில் நிருபராக இருந்தேன். நான் எழுதிய எந்தச் செய்திக்கும் மறுப்பு வெளியிட நேர்ந்ததில்லை. பெரிதாக எதையும் சாதிக்காத எனக்கு அது ஒன்றுதான் கர்வம். பிறகு வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குச் சரித்திரக் கதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் கதையில் ஒரு மலைச் சிறுமி. எலவனாசூர்கோட்டையைப் படை சூழ்ந்திருக்கும்போது, கரியாலூரிலிருந்து தனியாக இறங்கிப் போய் உள்ளே இருப்பவர்களுக்குச் சேதி சொல்கிறாள். புறப்பட்டதுமே ஒரு பாறைப் பொந்தில் பதுங்க நேர்கிறது. அத்தனையும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானே இட்டுக்கட்டியது. வெறும் கற்பனை என்றால் பிள்ளைகள் மதிக்க மாட்டார்களோ என்று கடைசியில் ஒரு சபலம். 'மலை மக்கள் சொல்லக் கேட்ட கதை' என்று முன்னுரையில் ஒரு வரி சேர்த்தேன். கை கூசத்தான் செய்தது. பிள்ளைகள் புத்தகம்தானே என்று விட்டுவிட்டேன்.

போன தை மாதம் கரியாலூரில் அவளுக்கு விழா எடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் வேறு யார், நான்தான். முதலில் அவள் பதுங்கிய பாறையைக் காட்டினார்கள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பட்டுப்பாவாடை சுற்றியிருந்தது. எலிப்பொறியில் மசால் வடையை நானே வைத்துவிட்டு நானே போய் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று மேடையேறினேன்.

"இப்படி ஒரு பொண்ணு இருந்ததே இல்லைங்க. நானா கட்டின கதை. முன்னுரையில எழுதினது பொய்" என்றேன்.

கூட்டம் சலசலத்தது. விழாக் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார், என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"அம்மாவ யாரோ மெரட்டியிருக்காங்க. மலைக்காரங்க பெரும வெளிய வந்துடக்கூடாதுல்ல! அம்மா, பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்."

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. சால்வை போர்த்தினார்கள். கீழே இறங்கியதும் பாறைக்குப் பக்கத்து வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க மாமியா இந்தக் கதையத்தான் எப்பவும் சொல்லிக்கினு இருப்பாங்க. கீழ இருக்கறவங்க நீங்க. உங்களுக்கு இன்னா தெரியும், பாவம்!"

அந்த 'பாவம்' எனக்குச் சுருக்கென்றது. அவர் பொய் சொல்கிறவராகவும் தெரியவில்லை.

மறுநாள் நான் வேலை பார்த்த பத்திரிகையிலேயே செய்தி வந்துவிட்டது. 'மறைக்கப்பட்ட வீரச் சிறுமி' என்று தலைப்பு, பக்கத்தில் சால்வையோடு நான். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. என் இடத்துக்கு வந்திருக்கும் நிருபருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"அது கற்பனைப்பா! நாளைக்கே மறுப்பு போடு."

"போடறேங்க்கா. வாத்தியார் இருந்தான்றாரு, அந்த ஊட்டம்மா இருந்தான்றாங்க, பாற வேற இருக்குது. இல்லேன்றது நீங்க ஒருத்தருதான். அதுக்கு உங்ககிட்ட இன்னாக்கா ஆதாரம் இருக்குது?"

நிதானமாகத்தான் கேட்டார். நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். மறுப்பைப் போட்டிருக்கவும் மாட்டேன்.