அப்பாவுக்கு வந்த பதில்

எங்கள் அப்பாவின் பள்ளிக்கூட வானைச் சைக்கிள்கள் முந்திக்கொண்டு போகும். வட்டுக்கோட்டையிலிருந்து மானிப்பாய் வழியாக யாழ்ப்பாணப் பட்டினத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றிப்போய், பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவருடைய தொழில். திரும்பவேண்டிய சந்திக்கு அரை மைல் இருக்கும்போதே சிக்னல் போட்டுவிடுவார். கோழி குறுக்கே வந்தால் வானை நிறுத்தி, அது ஒரு முடிவுக்கு வரும்வரை காத்திருப்பார். பின்சீற்றில் இருந்த பெரிய வகுப்பு அண்ணாமார் வானுக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்சீற்றில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த நான், அது காதில் விழாததுபோல் இருக்கப் பழகியிருந்தேன்.

இந்த மனிதருக்குத்தான் கார்ப் பந்தயத்தில் பைத்தியம்.

அது எப்படித் தொற்றியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஜேர்மனியில் இருக்கும் பெரியப்பா ஒருமுறை வந்துபோனபோது தன் பழைய போனை அப்பாவுக்குக் கொடுத்தார், இந்த நோய் அதிலிருந்துதான் தொடங்கியது என்பது அம்மாவின் கணிப்பு. பந்தயம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பின்னேரமே முகம் கழுவி, தலை இழுத்துச் சீவி, தோய்த்த சேட் போட்டுக்கொண்டு குசினி மேசைக்கு வந்துவிடுவார். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைப்பார். படம் நின்று நின்றுதான் வரும். ஏழு கார்கள் ஒரு வளைவுக்குள் போய் அப்படியே உறைந்துவிடும், மறுபடி படம் அசையும்போது ஆறுதான் வெளியே வரும். இடையில் என்ன நடந்தது என்பதை இணையத்தில் தமிழ் ரசிகர்கள் நடத்திய ஒரு குழுவில் கேட்டு அறிந்துகொள்வார். மட்டக்களப்பு, சென்னை, கனடா என்று பல இடத்து ஆட்கள் அதில் இருந்தார்கள். மழைக்கு எந்த ரயர் போடவேண்டும் என்று அவர்கள் மும்முரமாக வாதாடிக்கொண்டிருக்கும்போது அப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ‘வட்டுக்கோட்டையில் இப்போது நல்ல வெயில்’ என்று எழுதுவார். அதற்கும் நாலைந்து பேர் லைக் போடுவார்கள். அப்பாவுக்கு அது போதும்.

அவருக்குப் பிடித்த ஓட்டுநர் ஒருநாளும் வென்றதில்லை. இருபது பேர் ஓடினால் பதினேழாவதாகவோ பதினெட்டாவதாகவோ வருவார். கமெரா அவரைக் காட்டுவதே குறைவு. ஏன் அவரைப் போய்ப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன்.

“முன்னுக்கு ஓடுறவனை எல்லாரும் பாக்கினம் பிள்ளை. கடைசியாய் வாறவன் என்ன பாடுபடுறான் எண்டு ஆரும் ஒராள் பாக்கத்தானே வேணும்” என்றார் அப்பா.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, அந்த ஓட்டுநர் மதிலில் மோதிப் பந்தயத்தை இடையில் விட்டார். அன்று அப்பா தேத்தண்ணி குடிக்கவில்லை. ரியூசனுக்கென்று பெரியப்பா எனக்கு அனுப்பிய ரப் என்ற கைக்கணினியை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி, அந்த ஓட்டுநரின் இணையப் பக்கத்தில் தன் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித்தரச் சொன்னார். தானும் ஒரு சாரதி என்றும், யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வான் ஓடுவதாகவும், உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படியும், அவசரப்படவேண்டாம் என்றும் அதில் இருந்தது. பந்தயக்காரருக்கு அவசரப்படவேண்டாம் என்று புத்தி சொன்ன ஒரே ரசிகர் எங்கள் அப்பாவாகத்தான் இருப்பார்.

ஆயிரக்கணக்கான கடிதங்களுக்குள் அதுவும் போய்ச் சேர்ந்தது. அப்பா ஒவ்வொரு நாள் காலையிலும் வானை எடுக்க முதல் போனைத் திறந்து பார்ப்பார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு, “அவருக்கும் வேலை இருக்கும்தானே” என்பார். இப்படி மூன்று கிழமை போனது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த ஓட்டுநரின் படத்தை எடுத்து, பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டி, ஒரு கணக்கைத் திறந்தேன். யாழ்ப்பாணத்து நண்பருக்கு நன்றி, உங்கள் வானையும் பிள்ளைகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரி எழுதி அப்பாவுக்கு அனுப்பினேன்.

அப்பா போனைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பிறகு அம்மாவிடம் கொண்டுபோனார். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. நிமிராமலே, “ஆர் உவர்?” என்று கேட்டா. “என்ரை ஆள்” என்றார் அப்பா. அடுத்த நாள் வானுக்குப் பிள்ளைகளை ஏற்றிவிட வந்த தாய்மாருக்கெல்லாம் காட்டினார். பின்சீற்று அண்ணாமார் போனை வாங்கி வாசித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்றைக்கு யாரும் ஆமை என்று சொல்லவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதில் வந்தால் பதிலுக்குப் பதில் போடவேண்டும் என்பது அப்பாவின் மரியாதை. பந்தயத்துக்கு முதல் சாப்பிடுவாரா, கழுத்து நோகாதா, தாய் பயப்படமாட்டாவா என்றெல்லாம் கேட்பார். அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன். மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்து, கிணற்றடியில் இருந்துகொண்டு அந்த வெள்ளைக்காரராக ஆங்கிலத்தில் பதில் எழுதுவேன். பிறகு குசினி மேசையில் அதைத் தமிழில் சொல்லிக் கொடுப்பேன். தாய் பயப்படத்தான் செய்வா, ஆனால் வெளியே காட்டமாட்டா என்று எழுதியபோது அப்பா தலையாட்டிக்கொண்டு, “தாய்மார் எல்லா இடமும் ஒண்டுதான்” என்றார். நான் ஏமாற்றுகிறேன் என்ற பயம் இருந்தது. அதைவிட, நன்றாக ஏமாற்றுகிறேன் என்ற பெருமை கூடுதலாக இருந்தது.

கார்த்திகை மாதம், ஒரு மழைக் காலையில், வயல்வெளிக்கு நடுவே இருந்த மதகடியில் வான் சரிந்தது.

எதிரே ஒரு மோட்டார்சைக்கிள் லைற் இல்லாமல் வந்தது. அப்பா ஒதுக்கினார். தெருக்கரை ஊறிக் கிடந்ததால் சில்லு இறங்கி, வான் மெல்லச் சாய்ந்து வாய்க்காலுக்குள் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது. எனக்கு ஞாபகத்தில் இருப்பது பின்னால் கேட்ட சத்தமும், என் இரண்டு தோளும் இறுகியதும்தான். சீற் பெல்ட் என்னைப் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். அந்த வானில் சீற் பெல்ட் இருக்கவில்லை.

வயலில் நின்றவர்கள் ஓடிவந்து எல்லோரையும் வெளியே எடுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளைக்கு மட்டும் வலதுகை முறிந்துவிட்டது. அவளுக்குத் தகப்பன் இல்லை, தாயும் அவளும்தான். பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. மோட்டார்சைக்கிள்காரனில்தான் பிழை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பிள்ளையின் தாய்கூட ஆஸ்பத்திரியில் வைத்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றுதான் சொன்னா. அதைக் கேட்டபோது அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வான் திருத்தி வந்த பிறகும் அவர் ஆணியில் மாட்டியிருந்த வான் திறப்பைத் தொடவில்லை. வானுக்கு மேல் தறப்பாளைப் போட்டுக் கட்டிவிட்டு, பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். பிள்ளைகள் வேறு வானிலும் பஸ்ஸிலும் போனார்கள். பெற்றோர் இரண்டு மூன்று பேர் வந்து திரும்ப ஓடச்சொல்லிக் கேட்டார்கள். ஏலாது என்ற ஒரு சொல்லோடு முடித்துவிட்டார். அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் நடந்த ஞாயிறன்று சீனிப் போத்தல் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பா படலையடியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உந்த மனுசன் இப்படியே நின்றால் என்ன ஆவது என்று அம்மா என்னிடம் கேட்டா. அம்மா என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் கிணற்றடிக்குப் போய் எழுதினேன். உங்களுக்கு விபத்து நடந்ததாம், எனக்கும் இந்த வருடம் நடந்தது, அடுத்த பந்தயத்துக்குக் காரில் ஏறவே மனம் வரவில்லை, ஆனாலும் ஏறினேன், நீங்களும் ஏறுங்கள். அதுவரை எழுதியதில் அதுதான் நீளமானது. மாலையில் அப்பாவை மேசையில் இருத்தித் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

அவர் சீனிப் போத்தலை ஒரு பக்கம் தள்ளிவைத்தார்.

“அவருக்கு எப்பிடித் தெரியும், எனக்கு நடந்தது?”

குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்றேன். வட்டுக்கோட்டையில் நடந்ததைக் குழுவில் யார் அறிந்தார்கள், அவர்களுக்கும் அந்த ஓட்டுநருக்கும் என்ன தொடர்பு என்று அப்பா கேட்கவில்லை.

“ஓம், சொல்லியிருப்பினம்” என்றார். பிறகு, “அப்ப பதில் எழுதுவம்” என்றார்.

நான் ரப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“எழுது பிள்ளை. வான் சரியேக்கை பின்னாலை பதினொரு பிள்ளையள் இருந்தவை. நான் அதிலை ஒருத்தரையும் நினைக்கேல்லை. ஸ்ரியறிங்கை விட்டிட்டு, ரெண்டு கையாலையும் என்ரை பிள்ளையைப் பிடிச்சன். ஸ்ரியறிங்கை விடாமல் இருந்திருந்தால் வான் மதகோடை நிண்டிருக்கும். அந்தப் பிள்ளையின்ரை கை முறிஞ்சது என்னாலைதான். இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டும் எழுது.”

நான் எழுதினேன். அனுப்பினேன். பதில் எழுதவேண்டியவளும் நான்தான்.

மூன்று நாள் கிணற்றடியில் ரப்பை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பந்தயக்காரர் இதற்கு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் பிள்ளைகள் இருப்பதில்லை. அப்பா அவசரப்படுத்தவில்லை, போனையும் திறந்து பார்க்கவில்லை. நாலாம் நாள், வேறொன்றும் வராமல், எனக்குத் தோன்றியதை எழுதினேன். அந்தப் பிள்ளையின் தாயிடம் போய்ச் சொல்லுங்கள், நானென்றால் போவேன், எனக்கும் பயமாகத்தான் இருக்கும் என்று.

வாசித்துக் காட்டியதும் அப்பா கேட்டார்: “தனியப் போகச் சொல்லியிருக்கிறாரோ?”

“அப்பிடி ஒண்டும் எழுதேல்லை.”

“அப்ப நீயும் வா.”

சனிக்கிழமை பின்னேரம் சைக்கிளில் போனோம். அந்தத் தாய் முற்றத்தில் சாக்கு விரித்து வெங்காயத்தின் தாளை வெட்டிக்கொண்டிருந்தா. பிள்ளை உள்ளே கைக்கட்டோடு ரீவி பார்த்தபடி இருந்தாள். கதிரை போட்டும் அப்பா இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், குசினி மேசையில் சொன்ன அதே சொற்களில். அவருக்குப் பின்னால் நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காப்பாற்றப்பட்டவள் என்பதால் அந்த முற்றத்தில் குற்றவாளி நான்தான் என்று எனக்குப் பட்டது.

அந்தத் தாய் கத்தியைக் கீழே வைத்தா. பிறகு என்னைப் பார்த்தா, அதற்குப் பிறகுதான் அப்பாவைப் பார்த்தா.

“எனக்குக் கோவம் வருது அண்ணை. வராமல் இருக்காது. ஆனா அந்த இடத்திலை நான் இருந்திருந்தால் ஆரைப் பிடிச்சிருப்பன் எண்டு எனக்குத் தெரியும்.”

அவ உள்ளே இருந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தா.

“கட்டு அவிட்டாப் பிறகு தையிலை அனுப்புறன். ஆனா இவ முன்சீற்றிலைதான் இருப்பா.”

“ஓம்” என்றார் அப்பா.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று அப்பா தறப்பாளை அவிழ்த்தார். திறப்பைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தச் சின்னப்பிள்ளை புத்தகப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் இடத்தில் ஏறி இருந்தாள். நான் பின்சீற்றில் பெரிய வகுப்பு அண்ணாமாருக்கு நடுவே முழங்கால் இடிபட நெருங்கிக்கொண்டு போனேன். எனக்கு அவள்மீது எரிச்சலாக இருந்தது. மதகடிக்கு வந்ததும் வான் நடைவேகத்துக்கு இறங்கியது. மதகைத் தாண்டிய பிறகு அப்பா ஒருதரம் கண்ணாடியைச் சரிசெய்தார்.

அந்தக் கிழமையே நான் அந்தக் கணக்கை அழித்துவிட்டேன். இனிப் பதில் வராதது ஏன் என்று அப்பா கேட்டால் சொல்வதற்கு இரண்டு மூன்று பொய்களை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. பங்குனியில் புதிய பந்தயங்கள் தொடங்கின. அப்பா குசினி மேசைக்குத் திரும்பிவந்து, வட்டுக்கோட்டை வெயிலைப் பற்றிக் குழுவுக்கு அறிவித்தார். அவருடைய ஓட்டுநர் பதினாறாவதாக வந்தார். கடிதம் எழுதவேண்டும் என்று அவர் பிறகு ஒருபோதும் சொல்லவில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலேயே பல வருடம் இருந்தேன்.

இப்போது நான் கொழும்பில் வேலை செய்கிறேன். பந்தயம் நடக்கும் ஞாயிறுகளில் அப்பா எனக்குக் கோல் எடுப்பார், இருவரும் பார்த்தபடி கதைப்போம். அந்தக் கணக்கைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. அது யாருடையது என்பது அவருக்கு எந்த நாளில் தெரியவந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எழுது பிள்ளை என்று அவர் சொன்ன அந்த மாலைக்கு முன்பே அவருக்குத் தெரியும் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இடையில் ஒருமுறை நான் நிமிர்ந்தபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுவதற்கு நேரம் தருகிறார் என்று நினைத்து, நான் மறுபடியும் ரப்பில் குனிந்து, ‘பிடித்தேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் இறந்தகாலம் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.