இரண்டு ஜோடி கையுறை

எச்.ஐ.வி.யைப் பற்றி மோனிஷாவுக்குத் தெரிந்த அளவு அந்தக் கிருமிக்கே தெரியாது. அவள் பேரைக் கேட்டாலே அது சின்னக்கானல் யானைகளையும் முந்திக்கொண்டு மலை இறங்கி ஓடிவிடும். நர்சிங் இரண்டாம் வருஷப் பரீட்சையில் அந்தப் பாடத்துக்கு ஐம்பதுக்கு ஐம்பது! சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிற அம்மா, முறுக்கு சுட்டு லயத்து வரிசையில் வீடு வீடாகக் கொடுத்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட தம்பி வினோவுக்கு, அதாவது இதை எழுதுகிறவனுக்கு, இரண்டு முறுக்கும் நாலு வசவும் கிடைத்தன.

கல்லூரியில் ஒரு கேள்வித்தாளும் கொடுத்தார்கள். தொட்டால் பரவுமா? இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் தரும் டீயைக் குடிப்பீர்களா? ஆமாம். மோனிஷா யோசிக்கவே இல்லை. சரசரவென்று டிக் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

மறுவாரம் வார்டில் பதினோராம் கட்டிலுக்குக் காய்ச்சல் பார்க்கச் சொன்னார்கள். சீட்டைப் படித்தாள்: எச்.ஐ.வி. வெளியே போய்க் கையுறை போட்டாள். அதற்கு மேலே இன்னொன்று. காய்ச்சல் பார்க்க ஒன்றுகூட வேண்டாம் என்று பரீட்சையில் எழுதியவளும் அவள்தான்.

"மோனிஷா பாப்பாவா?"

கட்டிலில் சுடலைமணி மாமா. பக்கத்து லயம். தேயிலைக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கி வந்து பள்ளிக்கூட ஜீப்பில் ஏற்றிவிட்டவர்.

அவர் அவள் கையையே பார்த்தார். "விஷம் அடிக்கிற எங்களுக்கே ஆளுக்கு ஒரு ஜோடிதான் பாப்பா. அதுவும் கிழிசல். எனக்கு ரெண்டு போட்டிருக்கியே!" சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது.

அதற்கப்புறம் அவர் மாதாமாதம் மாத்திரை வாங்க வரவில்லை என்று வார்டு சிஸ்டர் சொன்னார். விடாமல் தின்றால் கிழவராகலாம், விட்டால் ஆள் போய்விடும். அது மோனிஷாவுக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்பதும் தெரியும். ஓண லீவில், தனியாகப் போகப் பயந்து, தம்பியிடம் சொல்லி அவனையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

"மாத்திரை வாங்க வாங்க மாமா. நானே கூட்டிட்டுப் போறேன். யாரும் ஒதுக்கமாட்டாங்க."

"நிச்சயமா?"

"ஆமா மாமா."

"அப்ப சரி. கட்டன் குடிச்சிட்டுப் பேசுவோம்."

பாலில்லாத டீதான். ஆனால் லயத்தில் அதைக் குடிக்காமல் எழுந்தால் அந்த வீட்டு உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

மோனிஷா கிளாஸை உதடு வரை கொண்டுபோனாள். ஐம்பது மார்க்கும் மண்டைக்குள் வரிசையாக நின்றது. வாய் திறக்கவில்லை.

"சூடா இருக்கு மாமா."

"ஆறட்டும்மா."

பனி வாசல் வரை வந்து திரும்பிப் போனது. டீ பச்சைத்தண்ணியாய் ஆறியது. சுடலைமணி கிளாஸை வாங்கிக் கொய்யா மரத்தடியில் ஊற்றினார். கோபம்கூடப் படவில்லை.

"நல்லாப் படி பாப்பா."

அவர் மாத்திரை வாங்கப் போகவே இல்லை. அடுத்த ஆடி மழையில் அவரைத் தூக்கிப் போனார்கள். தூக்க நாலு பேர் சேரவே மத்தியானம் ஆனது. மோனிஷா பாதையோரம் வெறும் கையோடு நின்றாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் வினோ ஒரு பழைய நோட்டில் எழுதி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தான். அவள் கண்டுபிடித்து முழுசாகப் படித்தாள். அழவில்லை, அடிக்கவும் இல்லை.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே. அன்னைக்கு மாமா மரத்தடியில ரெண்டு கிளாஸ் ஊத்துனாரே. உன்னோடது எங்கடா?"