எங்களை நம்பாத ஜெபமாலை அக்கா

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு நான்கு நாள் முன்பு, பிற்பகல் வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்குத் திரும்பியபோது நம் மாணவர் பணிக்குழுவின் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி கிடந்தது. "ஜெபமாலை அக்கா ஆண்டவரில் துயில் கொண்டார்." அதற்குக் கீழே கூப்பிய கைகளாக வந்து குவிந்துகொண்டிருந்தன. நான் நம்பவில்லை. யார் போட்டது, யார் பார்த்தது, எந்த ஊர் ஜெபமாலை என்றெல்லாம் மனம் கேட்டது. கடைசியில் அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். அவருடைய தங்கை மகள் எடுத்தாள். "உண்மைதான் சார். காலைல நெஞ்சு வலிக்குன்னாங்க. ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றாள்.

செத்தவரின் செல்பேசிக்கே அழைத்துச் சாவை உறுதி செய்துகொண்டவன் என்று என்னை நீங்கள் குறை சொல்லலாம். அந்தப் பதினோரு ஆண்டுகளில் அவருடன் பணிக்குழுவில் இருந்தவர்கள் சொல்லமாட்டீர்கள். அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெபமாலை அக்கா நம் கல்லூரியின் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வணிகவியல் ஆசிரியர். பணிக்குழுவின் பொறுப்பாளர் என்று பெயர் எனக்குத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கு விரிப்பு விரிப்பதிலிருந்து, தவக்கால நடைப்பயணத்தில் கடைசி ஆளாகப் பின்னால் நடப்பது வரை, வேலை அவருடையது. திருமணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் சிரித்ததும் இல்லை. மாணவர்கள் அவர் காதில் விழாதபடி "தோமாக்கா" என்றார்கள். உயிர்த்த இயேசுவின் காயத்தில் விரல் வைத்துப் பார்த்த பிறகே நம்பிய தோமையாரின் பெயர். அது அவர் காதில் விழுந்துதான் இருந்தது.

ஆய்வகத்தில், ப்யூரெட் குழாயில் கரைசலை அளந்த கணக்கை நீட்டும் பிள்ளைகளிடம் அவர் சொல்லும் ஒரு வாக்கியம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "மூணு தடவையும் ரீடிங் ஒண்ணு போல அழகா வந்திருக்கா? அப்ப நீ ப்யூரெட்டைத் தொடவே இல்ல."

பக்தியையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

ஒரு சாம்பல் புதன் காலை. சென்ற ஆண்டின் குருத்தோலைகளை எரித்துச் சாம்பல் தயார் செய்யும் பொறுப்பை இரண்டு மாணவிகளிடம் கொடுத்திருந்தோம். கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஃபாதர் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஜெபமாலை அக்கா ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்தார். மோந்து பார்த்தார்.

"இது ஓலைச் சாம்பல் இல்ல. ரொம்ப வெள்ளையா இருக்கு. மணக்க வேற செய்யுது. தேரடியில எந்தக் கடையில வாங்குனிய?"

பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். ஓலையை எரிக்க மறந்துபோய்க் காலையில் பாக்கெட் திருநீறு வாங்கி வந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "திருநீறுல ஒரு குத்தமுமில்ல. அது இருக்க வேண்டிய இடத்துல சாமி பொருள். ஓலைச் சாம்பல்னு நீங்க சொன்னதுலதான் குத்தம்" என்றார். பிறகு பக்கத்துத் தெருவிலிருந்த தன் வீட்டுக்குப் போய், மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த காய்ந்த குருத்தோலையை எடுத்து வந்து, ஆய்வகத்தின் பீங்கான் கிண்ணத்தில் போட்டு பர்னரில் எரித்தார். அந்த ஆண்டு நம் நெற்றிகளில் இருந்தது அதுதான். திருநீற்றுப் பாக்கெட்டை அவர் வீசி எறியவில்லை. அலுவலகத்தில் தினமும் திருநீறு பூசும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே அவரை முடித்துவிடலாம். ஆனால் அவரைப் பற்றி எழுதவேண்டியது இது அல்ல. சகாயராணியைப் பற்றித்தான். எழுதலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டேன்.

சகாயராணி அப்போது வேதியியல் இரண்டாம் ஆண்டு. ராயகிரிக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். விடுதியில் தங்கிப் படித்தாள். நன்றாகப் பாடுவாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அவளுடைய அம்மா திடீரென்று இறந்துபோனார். நாங்கள் எல்லோரும் வேன் பிடித்து அடக்கத்துக்குப் போய் வந்தோம். தவக்காலம் தொடங்கியபோது, நாற்பது நாளும் ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி இருக்கப்போவதாக அவள் சொன்னாள். மற்ற பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மட்டும் மதியச் சாப்பாட்டை விட்டு, அந்த அரிசியை முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பார்கள். இவள் தினமும் என்றாள். அம்மாவின் ஆன்மாவுக்காக என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். இரண்டாம் வெள்ளியன்று கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி நான் பாராட்டினேன். கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்து விரிப்பைச் சுருட்டிக்கொண்டே ஜெபமாலை அக்கா சொன்னார். "எனக்கு அந்தப் பிள்ள மேல சந்தேகமா இருக்கு சார்."

"ஒளிச்சு வெச்சுச் சாப்பிடுறாளோ?" என்று கேட்டேன். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒளிச்சுச் சாப்பிட்டா நான் சந்தோஷப்படுவேன். ஞாயித்துக்கிழமை ஒருசந்தி கிடையாது. மத்த பிள்ளைக ஞாயித்துக்கிழமை எப்படா வரும்னு கெடந்து, கறிக்குழம்ப ரெண்டு தட்டு அடிக்கும். இவ ஞாயித்துக்கிழமையும் சாப்பிடல. நோன்பு முடியுத பாஸ்காவுக்கு இன்னும் எத்தன நாளுன்னு கேட்டேன். தெரியலன்னுட்டா. நோன்பு இருக்கவ நாளை எண்ணுவா சார். இவ எண்ணல."

நான் நீளமாகப் பதில் சொன்னேன். உங்களுக்கு எதிலும் நல்லது தெரியாதா, ஒரு பிள்ளை மனதார ஒன்றைச் செய்தால் அதையும் ப்யூரெட் மாதிரி சோதிக்க வேண்டுமா, அவளிடம் போய் எதையும் கேட்டு நோகடிக்காதீர்கள் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நீங்க நம்புதிய. நான் நம்பல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் அவரிடமிருந்து அழைப்பு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் இருப்பதாகச் சொன்னார். ஓடினேன். சகாயராணி கட்டிலில் படுத்திருந்தாள், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நடந்ததை மருத்துவரே சொன்னார். தனக்குத் தலை சுற்றுகிறது, துணைக்கு வா என்று சொல்லி ஜெபமாலை அக்கா அந்தப் பெண்ணைக் கூட்டிவந்திருக்கிறார். உள்ளே வந்ததும் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, "நோயாளி நான் இல்ல டாக்டர், இவதான். இவ சொல்லுத எதையும் நம்பாதிய. ரத்த அழுத்தத்தப் பாருங்க" என்றாராம். இன்னும் சில நாள் போயிருந்தால் எங்காவது விழுந்து கிடந்திருப்பாள், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாமல் போயிருக்கும் என்றார் மருத்துவர். ஒருவேளைச் சாப்பாடும் இல்லை. பத்து நாளாகக் கஞ்சித் தண்ணீர்தான்.

அந்த அறையில் ஜெபமாலை அக்கா கேட்ட பிறகு அவள் சொன்னாள். அம்மா இறந்த அன்று மாலை, நம் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அம்மாவிடமிருந்து போன் வந்திருக்கிறது. பாட்டு நடுவில் என்பதால் துண்டித்துவிட்டாள். திரும்ப அழைக்க மறந்துபோனாள். மறுநாள் காலையில் அப்பாதான் அழைத்தார். அம்மா நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாள், நான் எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று அந்தப் பெண் மூன்று மாதமாகத் தன்னைத் தண்டித்துக்கொண்டிருந்தாள். நான் அதற்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் உள்ளதைச் சொல்லவேண்டும். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை இது: "அக்கா, இது இப்போதைக்கு வெளியே போகவேண்டாம். முதல்வருக்கும் வேண்டாம். அவ அப்பாவுக்குக்கூட ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லலாம். அவரை ஏன் பயமுறுத்தணும்?"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிள்ளைகள் கொண்டுவரும் உப்புக் கரைசலைக் குழாயில் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அவருக்காகப் பயப்படுதியளா, உங்களுக்காகப் பயப்படுதியளா சார்?"

எனக்காகத்தான். பணிக்குழு பிள்ளைகளைப் பட்டினி போட்டது என்று பேச்சு வரும், கூட்டத்தில் பாராட்டியது யார் என்று கேட்பார்கள் என்று பயந்தேன். அவர் கேட்கும்வரை அதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே நின்றே முதல்வருக்கு அழைத்தேன். பிறகு அவளுடைய அப்பாவுக்கு.

மறுநாள் முதல் பஸ்ஸில் அந்த அப்பா வந்தார். வயல் வேலைக்குப் போகிறவர். கையில் ஒரு தூக்குவாளி. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகள் சொன்னதை முழுவதும் கேட்டார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"ஏட்டி, உங்கம்மா அன்னைக்குப் போன் போட்டது வலிக்குன்னு சொல்ல இல்ல. நீ பாடுதத கேக்கணும்னு போட்டா. நீ கட் பண்ணுனதும், பிள்ள பாடிட்டு இருக்கா போலன்னு சிரிச்சா. வலி வந்தது அப்புறம். ரொம்ப நேரம் கழிச்சு" என்றார்.

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். செவிலியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தூக்குவாளியில் அவர் கொண்டுவந்திருந்த கஞ்சியில் நான்கு வாய் குடித்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என்னோடு ஜெபமாலை அக்காவும் இருந்தார். மார்க்கெட்டைத் தாண்டும்போது கேட்டார். "அவரு சொன்னது உண்மையா இருக்குமா சார்?"

"ஏன்க்கா?"

"பிள்ளைக்காகச் சொல்லியிருப்பாரோன்னு தோணுது. சொல்லுததுக்கு முன்ன கொஞ்சம் யோசிச்சாரு பாத்தியளா?" கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நான் அத விசாரிக்கப் போறதில்ல" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் விசாரிக்காமல் விட்ட ஒரே சந்தேகம் அதுதான்.

இதை எழுதுவதற்கு அனுமதி கேட்டபோது, இந்தப் பகுதியை விட்டுவிடட்டுமா என்று சகாயராணியிடம் கேட்டேன். அவள் இப்போது ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. "எழுதுங்க சார். அப்பா யோசிச்சத நானும் பாத்தேன். அக்கா பாத்ததையும் பாத்தேன். யாருமே கேக்காம விட்டாங்க பாருங்க, அதுலதான் நான் எந்திரிச்சேன்" என்றாள்.

அதற்காக ஜெபமாலை அக்கா அவளை உடனே நம்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள். பாஸ்கா வரை மூன்று வேளையும் விடுதி உணவறையில் அவள் எதிரில் வந்து நின்றார். ஒருநாள் அந்தப் பெண் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு, "உங்களுக்கு யாரையும் நம்பத் தெரியாதா அக்கா?" என்று கத்தினாள்.

"தெரியாது. சாப்பிடு" என்றார்.

அவர் எப்போதும் சரியாகத்தான் சந்தேகப்பட்டார் என்று எழுதினால் அது அவருக்கே பிடிக்காது. இதற்கு இரண்டு ஆண்டு கழித்து ஒரு தவக்காலத்தில், முதியோர் இல்லத்துக்கு எடுத்துவைத்த அரிசி குறைவதாக அவருக்குப் பட்டது. விடுதியில் சமைக்கும் பேச்சியம்மாள் மீது சந்தேகம். ஒருநாள் மாலை வீட்டுக்குக் கிளம்பிய பேச்சியம்மாளை வாசலில் நிறுத்தி, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையைத் திறக்கச் சொன்னார். பைக்குள் காலி டிபன் டப்பாவும் ஒரு மாத்திரை அட்டையும் இருந்தன. அரிசி எங்கேயும் போகவில்லை. விடுதிக் காப்பாளர் ஒரு மூட்டையை முன்கூட்டியே இல்லத்துக்கு அனுப்பியிருந்தார், சொல்ல மறந்துவிட்டார்.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைக்கும் பெரிய வியாழனன்று, அதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜெபமாலை அக்கா சமையலறைக்குப் போனார். "நான் உன்னத் தப்பா நெனச்சேன் பேச்சி. இவங்க முன்னால உன் பையத் தொறக்க வெச்சேன். இவங்க முன்னாலயே மன்னிப்புக் கேக்கேன்."

பேச்சியம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "அன்னைக்கு எல்லாரும் பாத்தாங்க. இன்னைக்கு எல்லாரும் கேட்டாங்க. சரியாப் போச்சா?"

"சரியாப் போகாது" என்றார் அக்கா.

அதோடு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வேலை விஷயமாக ஒன்றிரண்டு சொற்கள், அவ்வளவுதான். அந்த வியாழனுக்குப் பிறகு யாருடைய பையையும் அவர் தொட்டதில்லை. மனிதர்களைச் சந்தேகப்படுவதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. சந்தேகம் வந்தால் தனியாக அழைத்துப்போய்க் கேட்டார். ஒருமுறை கேட்பார், பதில் வரும். அந்தப் பதிலை ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொருமுறை கேட்பார். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் வாய் திறந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அதைத்தான். "நல்லா இருக்கேன்", "ஒண்ணுமில்ல" என்று யாராவது சொன்னால், முன்பெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும், விட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது நகர முடியவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து மதிலோரம் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மண் போட உள்ளே வரவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு அவள் பக்கத்தில் போனேன். நான் கேட்காமலே, "எனக்கு அவங்க மேல கோவம் ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

தலையாட்டிவிட்டு இரண்டு எட்டு நடந்தேன். திரும்பி வந்து கேட்டேன். "உண்மையாவா பேச்சியம்மா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை இறக்கிச் சொன்னாள்.

"இருக்கு சார். நெறைய இருக்கு. இனி அத யாருட்டப் போய்ச் சொல்லுவேன்?"