வெர்லினின் இடது தோள்

"வேண்டாம், இருக்கட்டும். இப்பத்தான் வீட்டுல குடிச்சேன்" என்கிறார் வெர்லின் டோஸ்ட்ரூட்.

காபிக் குடுவையை ஏந்தியபடி, ரிங்க்கில் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கும் லோவானா நகராமல் நிற்கிறாள். "சூடா இருக்குது. ஊத்தட்டுமா?"

"உனக்கெதுக்கும்மா சிரமம். வேற யாராவது வந்து கேப்பாங்க."

விடிந்தும் விடியாத அந்த வேளையில் ஐஸ் ஹாக்கி ஆடும் அந்த ரிங்க்குக்கு வேறு யாரும் வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். லோவானா மூன்றாவது தடவை கேட்கிறாள். அப்போதுதான் வெர்லின் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சூண்டு இடம் விட்டுக் காட்டுகிறார். "சரி, இத்துனூண்டு." அவள் கோப்பை வழிய ஊற்றுகிறாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்துபோகிறார். இந்த நாடகம் தினமும் நடக்கிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இருவருமே கேட்பார்கள்.

மினசோட்டாவின் வட மூலையில் இருக்கும் எங்கள் நார்ட்லேக்கில், முதல் தடவை கேட்டதுமே சரி என்பவனைப் பறக்காவெட்டி என்போம். இரண்டாவதில் சரி என்பவன் வெளியூர்க்காரன். மூன்றாவதில்தான் மனிதன் வாய் திறக்கலாம். கல்யாணமே இங்கே இப்படித்தான் முடிவாகிறது. வெர்லினுடைய கல்யாணத்தில் மூன்று தடவையும் கேட்டது அவர் மனைவி ஆர்டிஸ்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

ஆறடிக்கு மேல் உயரம், காது மூடிய தொப்பி, சட்டைப் பையின் மேல் சிவப்பு நூலில் 'வெர்லின்' என்று தைத்த பெயர். பிறந்த ஊரில், தெரியாத முகம் ஒன்றுகூட இல்லாத இடத்தில், அந்தப் பெயர் யாருக்காக என்று கேட்டால், "கொடுத்தாங்க, போட்டுக்கிறேன்" என்பார். வேலை, ரிங்க்கில் மெழுகும் வண்டி ஓட்டுவது. பையன்கள் சறுக்கிக் கீறிய பனித்தரையை இந்த வண்டி மேலாகச் சீவி, பின்னாலேயே வெந்நீர் விட்டு மெழுகிக்கொண்டே போகும். அது உறைந்தால் தரை கண்ணாடியாகிவிடும். கண்ணாடித் தடுப்பில் மூக்கை அழுத்திக்கொண்டு குழந்தைகள் பார்ப்பார்கள். வெர்லின் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார். அதுதான் வணக்கம். ஆட்டத்தில் ஜெயித்து வந்தாலும் தோற்று வந்தாலும் அந்த ஒரு விரல்தான். இரண்டாவது விரல் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

அந்த வண்டியை இடது கையால்தான் திருப்ப வேண்டும். வலது கைக்குக் கத்தியை ஏற்றி இறக்கவும், தண்ணீரைத் திறந்து மூடவுமே நேரம் சரியாக இருக்கும். கஷ்டகாலம், வெர்லினுக்குப் போனது இடது தோள்.

கூரையில் குவிந்த பனியைத் தள்ளப் போய் விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தபோது பனிக்குள் பாதி புதைந்து கிடந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி, "ஏணிக்கு ஒண்ணும் ஆகலையே?" ஏணி அந்தப் பக்கத்து வீட்டுக்காரருடையது. தோளை அறுத்துத் தைத்தார்கள்; பிறகு இன்னொரு தடவை அறுத்துத் தைத்தார்கள். காயம் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை. இரண்டு குளிர்காலமாகக் கட்டிலில் படுக்க முடியாமல், கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "மோசமில்ல. இதைவிட மோசமா எத்தனை பேருக்கு இருக்குது."

வாய் சொல்லாததைப் பனித்தரை சொல்லிவிட்டது. ரிங்க்கின் வடகிழக்கு மூலையில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது தோள் ஒத்துழைக்காது. ஒரு முழ அகலத்துக்கு ஒரு பட்டை மெழுகாமல் விட்டுப்போகும். ஊரே அதைப் பார்த்தது. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரிங்க் கமிட்டித் தலைவர் மெர்ல் ஹெக்ஸ்ட்ரம் மட்டும் ஒருநாள் வெர்லின் பக்கத்தில் வந்து நின்று, அந்த மூலையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஃப்ளோரிடாவுல இந்த வருஷம் நல்ல வெயிலாம்."

"அப்படியா" என்றார் வெர்லின்.

"என் மச்சினன் அங்கதான் செட்டில் ஆயிட்டான். நிம்மதியா இருக்கானாம்."

"நல்லதுதான்."

வேறெந்த ஊரிலாவது இது வானிலைப் பேச்சாக இருக்கலாம். நார்ட்லேக்கில் இதற்குப் பெயர் வேலை நீக்க எச்சரிக்கை. இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அந்தப் பட்டை மறையாவிட்டால் வண்டியின் சாவி கை மாறிவிடும். அன்று சாயங்காலம் வெர்லின் வண்டியைக் கழுவியதையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றார். வீட்டில் ஆர்டிஸ் கேட்டதற்கு, "மெர்ல் நல்லா இருக்கான்" என்று மட்டும் சொன்னார். அவளுக்கு விளங்கிவிட்டது. மறுநாளே டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

டாக்டர் டினா லொரூஸோ நியூ ஜெர்சியிலிருந்து புதிதாக வந்தவர். படபடவென்று பேசுவார். அவருடைய ஊரில் ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. அந்த மாதிரி ஆட்களும் பிழைத்துக் கிடக்கிறார்கள் என்பது எங்களுக்கே ஆச்சரியம்தான்.

"வலி எவ்வளவு வெர்லின்? சைபர்னா வலியே இல்ல. பத்துன்னா உயிர் போற வலி."

வெர்லின் யோசித்தார். பத்து என்பது மில்லில் கை மாட்டிக்கொண்டவர்களுக்கு உரியது. எட்டு, ஒன்பதெல்லாம் பிரசவத்துக்கு. மற்றவர்கள் பங்கை எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

"ஒரு ரெண்டு இருக்கும்" என்றார்.

டாக்டர் எழுதிக்கொள்ளப் போனார். ஆர்டிஸ் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். சுவரில் மாட்டியிருந்த மீன் படத்திடம் பேசுவதுபோலச் சொன்னாள். "எங்க வீட்டு நாற்காலி ரெண்டு வருஷமா ராத்திரியில காலியா இருந்ததே இல்ல."

முப்பத்தெட்டு வருஷ இல்லறத்தில் வெளியார் முன்னால் புருஷனை அவள் மறுத்துப் பேசியது அது ஒன்றுதான். வெர்லினின் காது சிவந்துவிட்டது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தோள் ஆறி எவ்வளவோ நாளாச்சு. நரம்புதான் இன்னும் பழைய பாட்டையே மூளைக்குப் பாடிட்டு இருக்குது. அது பக்கத்துல தலைமுடி மாதிரி ஒரு ஒயரை விட்டு லேசா கரண்ட் கொடுப்போம். மூளை இதைக் கேட்டுக்கிட்டு அதை விட்டுரும். முதல்ல தற்காலிகமா வச்சுப் பாப்போம். வலி பாதியாவது குறைஞ்சா, நிரந்தரமா ஒண்ணைத் தோலுக்குள்ளயே பதிச்சுரலாம். குறையலைன்னா உருவிப் போட்டுரலாம். என்ன சொல்றீங்க?"

வெர்லின் உரிய முறைப்படி மறுக்க வாயெடுப்பதற்குள் ஆர்டிஸ் சரி என்று சொல்லிவிட்டாள். பறக்காவெட்டி என்ற பெயர் வந்தால் வரட்டும் என்று துணிந்துவிட்டாள் பாவம்.

ஊசி வழியாக ஒயர் உள்ளே போயிற்று. தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டியை ஒட்டினார்கள். எறும்பு ஊர்வதுபோல ஏதோ ஊர்ந்தது. "எப்படி இருக்குது?" என்றார் டாக்டர். "வித்தியாசமா இருக்குது" என்றார் வெர்லின். நார்ட்லேக் பாஷையில் அது ஒரு முழு நீளப் பேச்சு. ஊரே வாயை மூடிக்கொண்டிருந்த இடத்தில் இத்தனை நாளும் ஓயாமல் புலம்பிய ஒரே ஜீவன் அந்த நரம்புதான். இப்போது அதுவும் ஊரோடு ஒத்துப்போய்விட்டது.

சில நாள் கழித்துக் காலையில் ஆர்டிஸ் எழுந்து கூடத்துக்கு வந்தாள். நாற்காலி காலி. கொல்லைப்புறம் ஓடினாள், கார் கொட்டகையில் பார்த்தாள், கூரையைக்கூட அண்ணாந்து பார்த்தாள். கடைசியில் படுக்கையறைக்குத் திரும்பி வந்தால், அவள் எழுந்துவந்த கட்டிலின் மறு ஓரத்தில், போர்வைக்குள், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து வெர்லின் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்து படுத்தது அவளுக்கே தெரியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஆர்டிஸ் கொஞ்சம் அழுதாள். அவர் புரண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முட்டை எத்தனை போடட்டும்?" என்றாள்.

வடகிழக்கு மூலையில் பட்டையும் மறைந்தது. மெர்ல் வந்து பார்த்தார். இந்தத் தடவை மூலையையே பார்த்தார். "மோசமில்ல" என்றார். அதற்கு மேல் எங்கள் ஊரில் புகழ்ச்சி கிடையாது. ஃப்ளோரிடா பற்றி அப்புறம் பேச்சே எழவில்லை.

தற்காலிக ஒயரை எடுக்க வேண்டிய நாள் வந்தது. வெர்லின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் அவிழ்ந்து இடது தோள் வெளியே தெரிந்தது. பக்கத்தில் ஆர்டிஸ். டாக்டர் அவசரமாக உள்ளே வந்தார்.

"இப்ப எவ்வளவு வெர்லின்?"

சைபர் என்று சொன்னால் பெருமையடிப்பதுபோல ஆகிவிடும். "ஒண்ணு இருக்கும்" என்றார்.

"ரெண்டு ஒண்ணாச்சு. பாதி. போதும்." டாக்டர் சிரித்தார். "நிரந்தரமா வச்சுரலாம் இல்ல?"

கட்டில், வண்டி, மூலை எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தன. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. அறுபத்து நான்கு வயதில் அதை மாற்றிக்கொள்ள முடியுமா?

"ஐயோ, எனக்கெதுக்கு. நிஜமாவே வலிக்கிறவங்க யாருக்காவது கொடுங்க."

"நிறைய இருக்குது, தீர்ந்துபோகாது. உங்களுக்கும் வச்சுரலாமா?"

"உங்களுக்கு வீண் சிரமம் டாக்டர். நான் சமாளிச்சுக்குவேன்."

"சரி, உடம்பு உங்களது, முடிவும் உங்களது." அவர் நர்ஸைப் பார்த்தார். "ஒயரை எடுத்துரும்மா." கதவுக் கைப்பிடியில் கை வைத்துவிட்டார்.

வெர்லின் மூன்றாவது கேள்விக்காகக் காத்திருந்தார். வரவில்லை. இப்படி ஒரு நிலைமை அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை. லோவானா குடுவையோடு பாதியில் திரும்பிப் போய்விட்டதுபோல இருந்தது. ஆர்டிஸ் கைப்பைக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த இடத்தில் இன்னொரு தடவை அவள் பேசலாம்தான். பேசினால் வீட்டுக்குப் போய் அவர் முகத்தில் விழிக்க முடியாது. நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு தட்டோடு வந்தாள். "கொஞ்சம் சுருக்குனு இழுக்கும், அவ்வளவுதான்."

வெர்லின் சட்டையின் கீழ்ப் பொத்தானைப் போட்டார்.

"சட்டை இருக்கட்டும் சார், தோள் தெரியணும்" என்றாள் நர்ஸ்.

அவர் அடுத்த பொத்தானைப் போட்டார். அதற்கடுத்ததையும் போட்டார். தரையைப் பார்த்தபடி கழுத்துப் பட்டைப் பொத்தான்வரை வந்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அதைப் போட்டதில்லை. தொண்டை இறுக அதையும் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நர்ஸ் தட்டோடு நின்றாள். டாக்டர் கைப்பிடியை விடாமல் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"என்ன வெர்லின்? அப்ப உங்களுக்கு இது வேணுமா?"

அது மூன்றாவது தடவை என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது.

வெர்லின் இடது கையைத் தூக்கினார். தோளுக்கு மேலே, காதுக்கும் மேலே தூக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சூண்டு இடம் விட்டுக் காட்டினார்.